எம்-1ம் ஒரு ஃபேன்சி வெடியும்

மெஸ்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எம்-1 கிளியர் பண்ண எதைப் படிச்சா போதும்?" 2021 ரெகுலேஷனில் அதோட முழுப் பெயர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', கோட் எம்ஏ 3151. எந்த ரெகுலேஷன் வந்தாலும் வாயில வர்றது எம்-1 தான். மொத்தம் அஞ்சு யூனிட். முதல் யூனிட் மேட்ரிசஸ். ஐகன் வேல்யூ, கேய்லி-ஹாமில்டன்னு போட்டுத் தப்பிச்சிடலாம். மீதி நாலும் கால்குலஸ். எந்த யூனிட்டை விட்டுடலாம்னு தெரிஞ்சுக்க வந்திருந்தா சாரி, அதுக்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

நான் விருதுநகர். யூகேஜியிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுவது இதுதான் முதல் தடவை, சந்திப்பிழை எல்லாம் எடிட்டர் பார்த்துப்பான். ப்ளஸ் டூவில் எனக்கு டெரிவேட்டிவ் என்றால் ஒரு ஃபார்முலா ஷீட். பவரை முன்னாடி இழு, மேலே ஒண்ணு குறை. அது எதுக்குன்னு நானும் கேட்கலை, யாரும் சொல்லவும் இல்லை. மார்க் வந்துச்சு, அவ்வளவுதான்.

என் ரூம்மேட் திருத்தங்கல் பக்கம். கவர்ன்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட். அவன் அம்மாவும் அப்பாவும் ஆபீஸில் வேலை. வெளியூர் மக்களுக்கு ஒரு குறிப்பு: எங்க பக்கம் ஆபீஸ்னா பட்டாசு ஃபேக்டரி. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அம்மா ஆபீஸ் போறாங்கன்னு அவன் முதல் நாள் சொன்னதும், சென்னைப் பையன் ஒருத்தன் "எந்தக் கம்பெனி, ஓஎம்ஆரா?" என்று கேட்டான்.

முதல் மாசம் கிளாஸில் அவன் வாயே திறக்கவில்லை. ஒருநாள் ராத்திரி, "டேய், டெரிவேட்டிவ்னா வகைக்கெழுதானே?" என்று கேட்டான். எனக்கு வகைக்கெழுன்னா என்னன்னே தெரியாது. டிரங்குப் பெட்டியிலிருந்து அவனோட ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடுத்தான். ஃபங்ஷன் என்றால் சார்பு, லிமிட் என்றால் எல்லை, கன்டினியூட்டி என்றால் தொடர்ச்சி, ரேட் ஆஃப் சேஞ்ச் என்றால் மாறுவீதம். 'கெழு'ன்னா கோஎஃபிஷியன்ட். பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் டெரிவேட்டிவை 'டிஃபரென்ஷியல் கோஎஃபிஷியன்ட்' என்றுதான் எழுதியிருக்கும். வகைக்கெழு அதோட நேர்த் தமிழ். எனக்கு ஃபார்முலாவாகத் தெரிந்தது அவனுக்கு மாறுவீதமாகத் தெரிந்திருந்தது. ஒரு பொருள் ஓடுது, வேகம் மாறுது, எந்த இடத்தில் எவ்வளவு மாறுது என்று அவனால் படம் போட முடியும். ஆனால் கேள்வித்தாளில் 'ஹென்ஸ் டிட்யூஸ்' என்று இருந்தால் பேனா நின்றுவிடும். முதல் டெஸ்டில் 50-க்கு 9. அன்றைக்கு ராத்திரி, "செம் முடியட்டும், அப்பாகிட்ட சொல்லிட்டு ஆபீஸுக்கே போயிடுறேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லலை. ஹாஸ்டலைக் காலி பண்ண என்ன ஃபார்ம் வேணும்னு சீனியர்கிட்ட விசாரிச்சிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா ஃபேன்சி ரகம் போடுற ஆபீஸில் போர்மேன். மேலே போய்ப் பூவாக விரியுமே, அந்த ரகம். சாப்பிடும்போது, "என்ன தம்பி படிக்கிறீக ரெண்டு பேரும்?" என்று கேட்டார். இவன் குனிஞ்ச தலை நிமிராம, "ஒண்ணு எங்க உச்சத்துக்குப் போகுதுன்னு கண்டுபிடிக்கிறது" என்றான்.

அவர் சிரிச்சார். "அதத்தானப்பா நாங்க பாக்குறோம். ஷெல்லு மேல போயி ஒரு நிமிட்டு நிக்கும் தம்பி. நின்னுட்டுத்தான் கீழ இறங்கும். அந்த நிக்கிற நேரத்துல விரியணும். ஏறும்போதே வெடிச்சா பூ ஒரு பக்கமா இழுத்துக்கும். ரொம்ப இறங்கிட்டா பொறி தலையில விழும். உள்ள இருக்க திரிதான் கணக்கு."

சாப்பாடு முடிஞ்சதும் இவன் ஒரு லேபிள் தாளோட பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பிச்சான். ஷெல் வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் நேராக மேலே கிளம்புதுன்னு வச்சுக்குவோம். ஜி-யை 10 என்று எடுத்துக்கலாம், காற்றுத் தடையை விட்டுடலாம் (சேர்த்தா எண்கள் குறையும், விஷயம் மாறாது). உயரம் = 40t – 5t². வகைக்கெழு 40 – 10t. அது சைபர் ஆவது 4-வது வினாடியில். உயரம் 80 மீட்டர். அவர் சொன்ன 'நிக்கிற நேரம்' இதுதான்.

இதுவரைக்கும் ப்ளஸ் டூ. அடுத்து அவன் அப்பா கேட்ட கேள்விதான் எனக்கு கால்குலஸை மாத்துச்சு. "திரி எல்லாம் ஒண்ணுபோல எரியாது. அரை செகண்டு முன்னப்பின்ன ஆகும். அப்பவும் பூ ஒரே உயரத்துல விரியுற மாதிரித்தான தெரியுது, அது எப்படி?"

போட்டுப் பார்த்தோம். 4-க்குப் பதில் 4.5 வினாடி: 78.75 மீட்டர். 3.5 வினாடி: அதே 78.75. எண்பது மீட்டரில் ஒண்ணேகால் மீட்டர் வித்தியாசம். கீழே நிற்கிற யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கிளம்பின முதல் அரை வினாடியில் அதே ஷெல் 18.75 மீட்டர் ஏறிடும். ஒரே அரை வினாடிதான். கீழே அது கிட்டத்தட்ட ஆறு மாடி, உச்சியில் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. வகைக்கெழு சைபர் ஆகிற இடத்தில் t-யில் வர்ற சின்னப் பிழை உயரத்தை ஏறக்குறைய தொடவே தொடாது. மேக்ஸிமா கணக்கு நூறு போட்டிருப்பேன், சைபருக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. யூனிட் மூணில் டெய்லர் சீரிஸ் வரும்போது இதை ஞாபகம் வச்சுக்குங்க. முதல் டெர்ம் காணாமல் போனதும் மிச்சம் இருக்கிறது ஸ்கொயர் டெர்ம். அரையோட ஸ்கொயர் கால்.

அதுக்கப்புறம் ஒரு டீல் போட்டோம். அவன் எனக்கு அர்த்தம் சொல்லணும், நான் அவனுக்குக் கேள்வியின் இங்கிலீஷைச் சொல்லணும். ஒரு 40 பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் இங்கிலீஷ். 'எவால்யுவேட்'னா மதிப்பு காண், 'டிட்யூஸ்'னா இதிலிருந்து வருவி. ஒரு மாசத்தில் நோட்டு முடிஞ்சது. அண்ணா யுனிவர்சிட்டி 2010-லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் ஆரம்பிச்சது. அது தனி விவாதம், வேலை கிடைக்குமா என்கிற கேள்வியில் போய் முட்டும். நான் கேட்கிறது அவ்வளவு பெரிசில்லை. போர்டில் 'டெரிவேட்டிவ்' என்று எழுதும்போது பக்கத்தில் 'வகைக்கெழு' என்று எழுத அஞ்சு வினாடி ஆகும். எங்களுக்கு செகண்ட் செம் எடுத்த மேடம் எழுதினாங்க.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் இதை எப்பவோ செஞ்சுட்டாங்க. நியூட்டன் பிறக்கிறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாடி, 16-ம் நூற்றாண்டில், ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வை எழுதினார். மாதவர் வழிவந்த முடிவிலித் தொடர்களுக்கு விளக்கம் சொல்ற புத்தகம். 1 – 1/3 + 1/5 – 1/7 என்று போய்க்கொண்டே இருந்தால் பை-யில் கால்வாசி வரும் என்பதற்கான நிரூபணம் அதில் இருக்கு. எழுதினது சமஸ்கிருதத்தில் இல்லை, மலையாளத்தில்.

தேர்ட் இயரில் எங்க டிபார்ட்மென்டில் (கெமிக்கல்) ரியாக்‌ஷன் இன்ஜினியரிங் வந்தப்போ கால்குலஸ் மறுபடி ஊருக்குள்ளே வந்தது. ஒரு கலவைக்குள்ளே உண்டாகிற வெப்பம், டெம்பரேச்சர் ஏற ஏற வளைஞ்சு மேலே போற கோடு. வெளியே போகிற வெப்பம் நேர்க்கோடு. ரெண்டும் வெட்டிக்கிட்டா ஆபத்தில்லை, சூடு ஒரு இடத்தில் நின்னுடும். வெளியே வெயில் ஏறினா நேர்க்கோடு தள்ளிப் போகும். ஒரு கட்டத்தில் வளைகோட்டைத் தொட்டுக்கிட்டு மட்டும் நிற்கும், தொடுகோடாக. அதைத் தாண்டினா நிறுத்த எதுவும் இல்லை. இதைக் கணக்காகச் சொன்னவர் செமெனோவ், 1956-ல் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கின ரஷ்யர். குவியல் பெரிசானா உண்டாகிற வெப்பம் கன அளவோட ஏறும், வெளியேறுவது பரப்பளவோட மட்டும்தான் ஏறும். அதனால் நேர்க்கோடு இன்னும் சாயும். உராய்வில் பிடிக்கிற தீ வேற கணக்கு, அது இதில் வராது.

அந்த கிராஃபை இவன் வீட்டில் காட்டினப்போ அவன் அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "மருந்தக் குவிச்சு வைக்காதன்னு நான் கத்துறதுக்குப் படம் போட்டிருக்காக" என்றார். அவன் அம்மா எதுவும் பேசவில்லை. எங்க கிளாஸில் யாரோட போனிலாவது 'வெடி விபத்து' என்று நியூஸ் வந்தால், எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று தெரிகிற வரைக்கும் பாதிப் பேர் வெளியே போய் வீட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. சாரும் போர்டைப் பார்த்தபடியே நிற்பார், யாரையும் உள்ளே வரச் சொல்ல மாட்டார்.

எம்-1ல் அவன் பி ப்ளஸ். நான் ஏ. இப்போ அவன் ப்ராஜெக்ட் செய்றது கலவைகளோட வெப்ப நிலைப்புத்தன்மை பத்தி, கைடு ஒத்துக்கிட்டாங்க. அந்த 40 பக்க நோட்டு இப்போ 120 பக்கம், ஜெராக்ஸ் எடுத்து பி பிளாக் ஹாஸ்டலில் மூணு காப்பி சுத்துது. ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு மேல் ரெண்டாம் மாடி ஸ்டடி ஹாலில் இருப்போம். இந்த வாரம் யூனிட் அஞ்சு, ஆர்டர் ஆஃப் இன்டெக்ரேஷன் மாத்துறது. படம் போடாம அது வராது, ஸ்கேல் பென்சில் கொண்டு வாங்க.