குரலுக்கு உரியவர் யார்?

பழந்தமிழகத்தில் யாழைத் தழுவிச் சுற்றம் சூழ வழிநடந்த பாணர்க்குப் பாட்டு சொந்தமாக இருந்தது. சோறு மட்டுமே புரவலனுடையதாக இருந்தது. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனிடம் வழிகாட்டுகிறது. பொருநராற்றுப்படை கரிகாலனைச் சுட்டுகிறது. நம் உமறுப்புலவரும் சீறாப்புராணம் பாடச் சீதக்காதி வள்ளலையும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரையும் சார்ந்து நிற்க வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அப்புரவலர் இருக்கையில் இசைத்தட்டு நிறுவனத்தாரும் படமுதலாளிகளும் வந்தமர்ந்தனர். இருவகைப் புரவலர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழையவர் பாட்டைக் கேட்டுப் பரிசில் தந்தார்; புதியவர் பரிசில் தந்து பாட்டையே எடுத்துக்கொண்டார்.

இந்நிலையை மாற்ற முனைந்து, பாடகராக இருந்தவரே பதிவு நிறுவன உரிமையாளராகவும் ஆன வரலாறு நம் மாவட்டத்தின் வாயிலிலேயே நிகழ்ந்தது. கே. ஜே. யேசுதாஸ் 1980-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நிறுவிய 'தரங்கிணி' ஒலிப்பதிவுக் கூடத்தையே கருதுகிறோம். தமிழ்த்துறை மலரில் மலையாளப் பாடகர்க்கு என்ன இடம் என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை எளிது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரின், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. மாநில எல்லை மாறியது, காது மாறவில்லை. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தமிழ் பேசும் வீடுகளில் மலையாளப் பாட்டு ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. மேலும், அவரைத் தமிழ்த்திரைக்கு அழைத்து வந்தவர் வீணை எஸ். பாலசந்தர், படம் 1964-இல் வெளிவந்த 'பொம்மை'. அன்று தொடங்கிய அக்குரலைத் தமிழர் அயலாருடையது என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

அவர் 1940 சனவரி 10-ஆம் நாள் கொச்சிக் கோட்டைப் பகுதியில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடகமேடைப் பாடகர். திருப்பூணித்துறையிலும் பின்னர்த் திருவனந்தபுரத்திலும் இசை பயின்று, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவருமானார். 1961 நவம்பர் 14-ஆம் நாள் சென்னையில் முதல் திரைப்பாடல் பதிவாயிற்று. படம் 'கால்பாடுகள்', பாடியவை சாதி சமயப் பகை நீங்கிய உலகை வேண்டும் நாராயண குருவின் வரிகள். இசையமைத்தவர் எம். பி. சீனிவாசன். இப்பெயரை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். திரைப்பட இசைக்கலைஞர்களுக்கெனச் சென்னையில் சங்கம் கண்டவர் அவரே. வாத்தியம் வாசிப்பவரும் ஒரு தொழிலாளி, அவருக்கும் உரிமை உண்டு என்று வாதாடியவரின் கையால் அம்முதற்பாட்டு அமைந்தது தற்செயலே எனினும், பொருத்தமான தற்செயல்.

உரிமை என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அக்காலத்துப் பாடகரின் உரிமை யாது எனக் காண்போம். ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று தொகை பேசப்படும். பாடி முடித்ததும் அத்தொகை கைக்கு வரும். பிறகு அப்பாட்டு வானொலியில் ஆயிரம் முறை ஒலிக்கலாம், இலட்சம் தட்டுகள் விற்கலாம். பாடியவர்க்கு அதில் ஒரு காசும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் பம்பாயில் இதனைக் குறித்தே லதா மங்கேஷ்கருக்கும் முகம்மது ரஃபிக்கும் பிணக்கு ஏற்பட்டது. விற்பனையில் பங்கு வேண்டும் என்றார் லதா. பேசிய தொகையைப் பெற்றபின் மேலும் கேட்பது முறையன்று என்றார் ரஃபி. சில ஆண்டுகள் இருவரும் இணைந்து பாடவில்லை. நம் பெரியவர்களுள் பலர்க்கு ரஃபி சாகிபின் சொல்லே அறமாகப் படும். வாக்குத் தவறாமை நம்மவர் போற்றும் பண்பு. எனினும், சட்டப்படி நோக்கின் லதாவின் வினாவே நெடுநாள் நின்றது என்போம்.

சட்டமோ பாடகரைக் கண்டுகொள்ளவே இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலாசிரியர் உண்டு, இசையமைப்பாளர் உண்டு, ஒலிப்பதிவின் உரிமையாளர் உண்டு, பாடியவர் இல்லை. 1977-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், கூலிக்கு எழுதுவித்த படமுதலாளியே பாட்டுக்கும் இசைக்கும் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தபோது, நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு ஒன்றை இணைத்தார். பாடகர்க்கு நம் சட்டம் ஒன்றும் வழங்காதிருப்பதை அவர் அதில் சுட்டிக்காட்டினார். நாடாளுமன்றம் அக்குறையை ஓரளவு தீர்க்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

இச்சூழலில்தான் தரங்கிணி பிறந்தது. சட்டம் பாடகரை ஏற்கவில்லை; ஆனால் ஒலிப்பதிவின் உரிமையாளரை ஏற்றது. எனவே பாடகர் தாமே அவ்வுரிமையாளர் ஆகிவிட்டார். இதனினும் நேரான வழி வேறில்லை. இது பத்தாண்டுகட்கு முன் இயலாத செயல் என்பதும் நோக்கத்தக்கது. இசைத்தட்டு அச்சிடப் பெருந்தொழிற்சாலை வேண்டும். கல்கத்தா டம்டம்மில் இருந்த கிராமபோன் நிறுவனத்தின் கைக்குள்ளேயே நாட்டின் இசை பெரும்பாலும் அடங்கியிருந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளிக்கொணர்ந்த ஒலிநாடா இந்தியாவில் 1980-களில் பரவியபோது அப்பிடி தளர்ந்தது. நாடாவைப் படியெடுக்க ஓர் அறையும் சில கருவிகளும் போதும். நல்ல ஒலிப்பதிவுக் கூடமும் மக்கள் விரும்பும் குரலும் இருந்தால் எவரும் நிறுவனம் நடத்தலாம் என்ற நிலை வந்தது. யேசுதாஸிடம் இரண்டும் இருந்தன. மலையாளப் பாடல்களை இருசெவி ஒலியமைப்பில், 'ஸ்டீரியோ' நாடாவாகத் தந்ததில் தரங்கிணியே முன்னோடி.

அது திரைப்பாடல்களோடு நிற்கவில்லை. ஓணத்திற்கு ஓணம் புதுப்பாடல் தொகுதி வரும்; ஸ்ரீகுமாரன் தம்பி எழுத ரவீந்திரன் இசையமைத்த 'உற்சவ கானங்கள்' 1983-இல் வந்தது. பிச்சு திருமலையின் வரிகளில் 'வசந்த கீதங்கள்' தொடர்ந்தது. சபரிமலைப் பருவத்திற்கு ஐயப்பன் பாடல்கள் வரும். படத்தின் கதைக்கு எழுதப்படாத மெல்லிசைப் பாட்டும் விலைபோகும் என்பதை மலையாள உலகம் அறிந்தது. படமுதலாளியின் தயவின்றிப் பாட்டு பிழைக்கும் வழி இது. தமிழில் அத்தகைய தனிப்பாட்டு மரபு சமயப் பாடல்களுக்கு வெளியே வேரூன்றவில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு. நாகூர் ஹனீபா அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்திற்கு, திரைக்கு வெளியேயும் பாட்டு வாழும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பாடகர் முதலாளி ஆவதில் இடர் இல்லாமலில்லை. ஒழுகினசேரி தந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'மணமகள்' (1951) படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். ஈட்டியதையெல்லாம் ஈந்துவிட்டுச் சென்றார். கலைஞனின் கையில் கணக்கேடு தங்குவதில்லை என்று நம் ஊரில் சொல்வதற்கு அவரையே எடுத்துக்காட்டுவர். யேசுதாஸ் அவ்வகையினர் அல்லர். ஒழுங்கும் கண்டிப்பும் உடையவர். நம் வீட்டிலிருந்த தரங்கிணி நாடாக்கள் அனைத்திலும் பாடியவர் உரிமையாளரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தன் குரலைக் காக்க ஒருவர் எழுப்பிய வீட்டில் பிறர் குரலுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற வினா நமக்கு உண்டு. அதற்காக அவர்மீது குறை சொல்ல மனமில்லை.

அந்நாடாக்கள் நம் வீட்டிற்கு வந்த வழி வளைகுடா வழி. வாப்பா தம்மாமில் கட்டட வேலையில் இருந்தார். அக்காலத்தில் கடிதத்திற்கு மாறாகக் குரலையே நாடாவில் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. விற்பனை நாடாவின் மேல்விளிம்பிலுள்ள சிறு தடுப்புகளை, எவரும் அதன்மேல் பதியாதிருக்க, உடைத்தே விற்பர். உடைந்த இடத்தைக் காகிதத்தால் அடைத்தால் மீண்டும் பதியலாம். வெற்று நாடா கிடைக்காத ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா தம்மிடமிருந்த ஓணப்பாட்டு நாடாவின்மேல் பேசி அனுப்பினார். சலாம் சொல்லி, உம்மாவின் உடல்நலம் கேட்டு, பிள்ளைகளின் படிப்பைக் கேட்டு, கொல்லைத் தென்னையில் தேங்காய் வெட்டியாயிற்றா என்றும் கேட்டிருந்தார். பேச்சு முடிந்த இடத்தில் ஒரு 'டக்' ஒலி. அடுத்த நொடியே பாட்டின் நடுவரியில் யேசுதாஸ் தொடங்குவார். உம்மா அப்பாட்டை நிறுத்துவதில்லை. வாப்பா அறையில் தனியே இருக்கையில் கேட்டது இதுதானே என்பார். வாப்பா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்நாடாவை இயக்கும் கருவி இன்று வீட்டில் இல்லை. கைப்பேசிக்கு மாற்றி வைத்திருக்கிறோம்.

பாட்டிசை கூடுமா கூடாதா என்ற வாதம் நம் குடும்பங்களில் என்றும் உண்டு. உப்பா வீட்டிலிருக்கும்போது நாடாப்பெட்டி ஒலிக்காது. ஆயினும் 'சஞ்சாரி' (1981) படத்திற்காக யூசுபலி கேச்சேரி எழுதிய நபிபுகழ்ப் பாடலுக்கு மட்டும் அவரும் இசைவளித்தார். அப்பாட்டிற்கு இசையமைத்தவரும் பாடியவரும் யேசுதாஸே. அதே யூசுபலி, 'த்வனி' (1988) படத்திற்கு வடமொழியில் இராமனைப் போற்றிப் பாட்டெழுத, நௌஷாத் இசையமைக்க, யேசுதாஸ் பாடினார். முஸ்லிம் கவிஞரும் முஸ்லிம் இசையமைப்பாளரும் கிறித்தவப் பாடகரும் கூடி ஆக்கிய இராம பக்திப் பாட்டு அது. வகுப்பில் இதனைச் சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை.

நாடா தந்த உரிமையை நாடாவே தின்றதும் இவ்வரலாற்றின் பகுதி. ஓர் அறையில் நிறுவனம் தொடங்கலாம் எனில், ஓர் அறையில் திருட்டுப்பதிப்பும் செய்யலாம். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. விரும்பிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் மறுநாள் நாடா ஆயத்தமாகிவிடும். 1984-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினர், கடைகள் குறையவில்லை. தரங்கிணி 1990-களில் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. குறுந்தகடு வந்தது, சென்றது. இன்று பாட்டு இணையத்தில் கரைந்துள்ளது.

1994-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடுவோர்க்கும் ஆடுவோர்க்கும் 'நிகழ்த்துநர் உரிமை' என்ற ஒன்றை முதன்முறையாக வழங்கியது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பயன்பாட்டில் அவர்க்குப் பங்கும் உறுதி செய்தது. மறு ஆண்டே இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் பதிவு பெற்றது. இதன் மறுபக்கமாக 2017-இல், தம் பாடல்களை ஒப்புதலின்றி மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜா சார்பில் அறிவிப்புச் சென்றது. இசை யாக்கியவர் பக்கமும் நியாயம் உண்டு. பாடியவர் பக்கமும் உண்டு. இரு பெருங்கலைஞர்க்கிடையே வழக்குரைஞர் வந்து நின்றது கண்டு தமிழ்நாடு திகைத்தது.

பெருங்கலைஞர்கள் தம்மைக் காத்துக்கொள்வர். சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் துறைக்கு வந்தார். அவருடைய வாப்பா திருமண வீடுகளில் பைத்துப் பாடியவர். 1990-களில் நாடா நிறுவனம் ஒன்றுக்கு எட்டுப் பாடல்கள் பாடித் தந்து ஐந்நூறு ரூபாய் பெற்றவர். இப்போது தொண்டைப் புண்ணால் பேச்சே அரிதாகிப் படுத்திருப்பவர். அப்பாடல்கள் இணையத்தில் வேறொருவர் பெயரால் உலவுகின்றன. மகன் தன் பக்கத்தில் ஒரு பாட்டை ஏற்றியதும் உரிமைமீறல் என்று நீக்கிவிட்டனர். "ஐயா, வாப்பாவின் குரலை நான் போடக்கூடாதா?" என்று கேட்டார். கையிலிருந்த தாளைக் காட்டினார். மொத்தத் தொகை பெற்றுக்கொண்டேன் என்ற ஒரே வரி, கீழே கையொப்பம், பாடல்களின் பெயர்கூட அதில் இல்லை. அத்தாளைப் படியெடுத்துக்கொண்டு, மேற்கண்ட சட்டங்களின் ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி இணைத்து, நாகர்கோவிலில் உள்ள வழக்குரைஞர் ஒருவரிடம் அனுப்பி வைத்தோம். நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை.