நான் கெடுத்த ஒரு போஸ்டர்

1/ பழைய ஹாலிவுட் பட போஸ்டர் சேர்க்கிறது என் பைத்தியம். இன்னைக்கு மருந்து, மாத்திரை பேசப் போறதில்ல. நானே கெடுத்த ஒரு போஸ்டரோட கதை. உங்க வீட்டுப் பரண்ல பழைய காகிதம் ஏதாவது இருந்தா கடைசி வரை படிங்க.

2/ தண்டலத்துல என் ஓபிக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்ல ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க. அதுல ஒரு பையன் தன் அப்பாவைக் கூட்டிட்டு வந்தான். சர்க்கரை நோய். பெரியவர் இளவயசுல மெட்ராஸ்ல இங்கிலீஷ் படங்களுக்கு போஸ்டர் ஒட்டினவராம்.

3/ எனக்கு இதுல ஆர்வம்னு தெரிஞ்சதும் அடுத்த தடவை ஒரு மடிச்ச காகிதம் கொண்டு வந்தார். 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969). சுவர் ஏறாம ட்ரங்க் பெட்டியிலயே தங்கிட்ட ஒண்ணு. "வீட்ல யாருக்கும் இதோட அருமை தெரியாது சார், நீங்க வச்சுக்கோங்க." காசு குடுத்தேன், வாங்கல.

4/ எனக்கு அந்த மடிப்புக் கோடுகள் அசிங்கமா தெரிஞ்சது. பின்னாடி செலோடேப் ஒட்டி, லேமினேஷன் போட்டு ஹால்ல மாட்டினேன். ரெண்டே வருஷம். டேப்போட பசை பழுப்பா முன்பக்கம் கசிஞ்சிடுச்சு. பிளாஸ்டிக்கைப் பிரிச்சா மையும் சேர்ந்து வருது.

5/ அப்புறம்தான் படிச்சேன். அமெரிக்க 'ஒன் ஷீட்' போஸ்டர் 27x41 அங்குலம். 1980-கள் வரைக்கும் பெரும்பாலும் மடிச்சுத்தான் தியேட்டருக்கு அனுப்புவாங்க. அந்தக் காலத்து போஸ்டர்ல மடிப்பு குறையே இல்ல, நோயே இல்லாத இடத்துல நான் ஆபரேஷன் பண்ணியிருக்கேன்.

6/ இதுங்க ஏன் அபூர்வம்? சேர்த்து வைக்கன்னு யாரும் அச்சடிக்கல. படம் போனா போஸ்டரும் போச்சு. 'டிராகுலா' (1931) போஸ்டர் ஒண்ணு 2017-ல 5,25,800 டாலருக்கு ஏலம் போச்சுன்னா காரணம் அதுதான்: மிஞ்சினது விரல் விட்டு எண்ணுற அளவு.

7/ நம்ம கதை இன்னும் மோசம். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931). அந்தப் படச்சுருளே இப்ப இல்ல. பாட்டுப் புத்தகம், பத்திரிகை விளம்பரம்னு மிஞ்சின காகிதம்தான் சாட்சி. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஒருத்தர் ஆயுசு பூரா ஸ்டில்லும் தகவலும் சேர்த்ததாலதான் நமக்குக் கொஞ்சமாவது வரலாறு இருக்கு.

8/ அதனால: லேமினேஷன் வேண்டாம். செலோடேப் வேண்டாம். வெயில், ஈரம் ரெண்டும் ஆகாது. அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவுல தட்டையா வைங்க. வாங்கும்போது லென்ஸ் வச்சுப் பாருங்க, நான் டெர்மடோஸ்கோப் வச்சுப் பார்ப்பேன். எழுத்தோட ஓரம்கூட புள்ளி புள்ளியா இருந்தா, பெரும்பாலும் அது ஸ்கேன் பண்ணி அடிச்ச நகல்.

9/ போன வருஷம் செக்கப்புக்கு வந்தப்ப கேட்டார். "போஸ்டர் பத்திரமா இருக்கா சார்?" "இருக்குங்கய்யா"ன்னு பொய் சொல்லிட்டேன். மூணு மாசம் தூக்கம் வரல. அடுத்த தடவை உண்மையைச் சொன்னேன்.

10/ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "நான் ஒட்டினதெல்லாம் ஒரு மழை தாங்கல சார். மாடு தின்னது போக மிச்சம். இது அம்பது வருஷம் இருந்துச்சே."

அது இன்னும் என் ஹால்லதான் மாட்டியிருக்கு. கறையோட. புதுசா எதையாவது 'சரி பண்ண'க் கை போறப்ப எல்லாம் ஒரு தடவை அதைப் பார்த்துக்குவேன்.