வெற்றிலையில் தெரிந்த முண்டாசு

ஒன்பது வயதில் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தவன் நான். அதற்கு ஒரு வெற்றிலையும் 'ஆமா' என்ற ஒரு சொல்லும் போதுமாக இருந்தன.

பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம், அம்மாவைப் பெற்ற தாத்தா வீடு. 1957, அறுவடை முடிந்து பத்தாயம் நிறைந்திருந்த நேரம். சித்தியின் இரட்டை வடச் சங்கிலி காணாமல் போனது. வைக்கோல் போரைப் பிரித்தார்கள், கிணற்றில் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவினார்கள். மூன்றாம் நாள் பெரிய மாமா பக்கத்து ஊரிலிருந்து மை போடுகிறவரை அழைத்து வந்தார். இருவரும் வரப்பு வழியாக அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று யோசிக்கிற வயதா அது?

மை பார்க்க எல்லாராலும் ஆகாது என்பார்கள். சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும், தலைச்சனாக இருந்தால் விசேஷம். நான் தலைச்சன், அதோடு கால் முன்னே வந்து பிறந்தவன். இந்த ஒரு பெருமைக்காக ஊரில் முதுகு பிடித்துக்கொண்டவர்கள் எல்லாம் குப்புறப் படுத்து என்னை மிதிக்கச் சொல்வார்கள். மிதித்து எத்தனை பேருக்குப் பிடிப்பு விட்டதோ தெரியாது, எனக்கு நிறையக் கடலை உருண்டை கிடைத்தது. ஆகவே அன்றைக்கு என்னைக் கூப்பிட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். விளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டு, நன்றாக முற்றிய ஒரு வெற்றிலையின் நடுவில் சிமிழிலிருந்து மையை எடுத்துத் தடவி என் உள்ளங்கையில் வைத்தார் வந்தவர். அந்த மையை எதிலிருந்து காய்ச்சுகிறார்கள் என்று ஊரில் பயங்கரமான கதைகள் உண்டு. எனக்கு விளக்கெண்ணெய் வாசனைதான் வந்தது.

"உத்துப் பாரு தம்பி. கண்ணைக் கொட்டாதே. யாராச்சும் கூட்டுறாங்களா?"

விளக்கின் சுடர் குட்டியாகத் தெரிந்தது. என் மூக்கு வீங்கித் தெரிந்தது. பின்னால் நின்ற மாமாவின் வேட்டி ஒரு வெள்ளைக் கோடாக ஆடியது. கூட்டுகிறவர் யாரும் இல்லை.

"கூட்டுறாங்களா?" இரண்டாம் தடவை குரல் கொஞ்சம் ஏறியது.

"ஆமா."

"தண்ணி தெளிக்கிறாங்களா?"

"ஆமா."

"ஆசனம் போட்டாச்சா? ஆஞ்சநேயர் வந்து உக்காந்துட்டாரா?"

அதற்குள் எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. வேட்டியின் கோடு அசைந்தபோது அதை வால் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றா சொன்னேன்? பார்த்தேன். அந்த நிமிஷம் வாலைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"எடுத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லு. ஆம்பிளையா, பொம்பிளையா?"

"ஆம்பிளை."

"தலையில முண்டாசு இருக்கா?"

அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் எப்போதும் முண்டாசோடு இருக்கிறவர் ஒருவர்தான், மாடு பார்க்கிறவர். களத்தில் கூலி அளந்தபோது இரண்டு மரக்கால் குறைகிறதென்று பத்து நாள் முன்னால் மாமாவிடம் நின்று கேட்டவரும் அவர்தான். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அத்தனை பெரியவர்களின் கவனம் எப்போது கிடைக்கும்?

"இருக்கு" என்றேன்.

அவரை அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதை வெகுகாலம் எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூலி பாக்கியைக் கொடுக்காமல் அனுப்பினார்கள். திருட்டுப் பட்டத்தோடு அந்த ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மனைவி மக்களோடு ஊரைவிட்டே போனார். ஆவணியில் பத்தாயத்தை அடிவரை காலி செய்தபோது கடைசி மரக்கால் நெல்லோடு சங்கிலி வந்தது. சித்தி குனிந்து நெல்லைத் தள்ளியபோது கழுத்திலிருந்து நழுவியிருக்க வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். போனவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பிற்பாடு எனக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: கும்பகோணத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் 38 வருஷம் பவர் பார்த்தேன். ட்ரையல் ஃப்ரேமை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு எடுத்து, எதிரே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிற வேலை. சேர்ந்த முதல் வாரமே முதலாளி ஒன்று சொல்லிக் கொடுத்தார். "இப்போ நல்லாத் தெரியுதா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஆமாம் என்பார்கள். "முதல்ல போட்டது தேவலையா, இப்போ போட்டது தேவலையா, இல்லை ரெண்டும் ஒண்ணுதானா" என்று, எந்தப் பக்கமும் சாயாத குரலில் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பவரே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைப் போட்டதும் "இதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்று சொன்னவர்களை எண்ணி மாளாது. அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. எதிரே நிற்கிற ஆள் ஏதோ செய்கிறான், பலன் தெரிந்தாக வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர்கள். பிள்ளைகள் இன்னும் மோசம். பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் படிப்பார்கள்.

வெற்றிலை விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்தேன். ஒருநாள் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தியர்களைப் பற்றி 1836-இல் எழுதிய நூலில் ஒரு பகுதியைப் படித்து நடுங்கிப்போனேன். கெய்ரோவில் ஒரு மந்திரவாதி, ஒரு சிறுவனின் வலது உள்ளங்கையில் கட்டம் வரைந்து நடுவில் மையை ஊற்றுகிறார். சாம்பிராணிப் புகை. சிறுவன் முதலில் என்ன பார்க்கிறான் தெரியுமா? தரையைக் கூட்டுகிற ஒருவரை! அப்புறம் கொடிகள், கூடாரம், படைவீரர்கள், கடைசியில் சுல்தான். எங்கள் கூடத்தில் ஆஞ்சநேயர் உட்கார்ந்த ஆசனத்தில் அங்கே சுல்தான் உட்கார்ந்தார். துடைப்பம் மட்டும் ஒன்றேதான். கெய்ரோவிலிருந்து பாபநாசத்துக்கு அது எப்படி வந்தது, அல்லது இங்கிருந்து அங்கே போனதா, நான் கண்டுபிடித்தபாடில்லை.

லேன் அந்தப் பையனிடம் நெல்சனை வரவழைக்கச் சொன்னார். டிரஃபால்கர் போரில் இறந்த தளபதி. 1797-இல் வலது கையை இழந்தவர். பையன், கறுப்பு உடுப்பில் ஒருவர், இடது கை இல்லை என்றான். உடனே திருத்திக்கொண்டு, இல்லை, கை மார்பில் வைத்திருக்கிறது என்றான். நெல்சன் வெறும் சட்டைக் கையை மார்பில் மடித்துக் குத்திக்கொள்வது வழக்கம். வலது இடதாகத் தெரிந்ததற்கு, மை கண்ணாடி மாதிரிதானே என்று மந்திரவாதி விளக்கம் சொன்னார். லேன் அசந்துபோனார். அந்த மந்திரவாதியின் பேர் பரவிவிட்டது. கிங்லேக் என்ற இன்னொரு ஆங்கிலேயரும் கெய்ரோவில் மை பார்க்கப் போனார். தன் பள்ளித் தலைமையாசிரியர் கீட்டை வரவழைக்கச் சொன்னார். பிரம்புக்குப் பேர்போன குள்ள மனிதர் அவர். பையன் மையை உற்றுப் பார்த்துவிட்டு, பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்ணுமாக ஒரு அழகிய பெண் தெரிகிறாள் என்றான். 1844-இல் வந்த அவர் பயண நூலில் இந்தப் பக்கத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். இங்கிலாந்துக்காரர் கேட்டால் அழகியாகத்தான் இருக்கும் என்று பையன் கணக்குப் போட்டிருப்பான். எனக்கு அவன் பங்காளி மாதிரி.

படிக்காத பட்டிக்காட்டு ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஜான் டீயைச் சொல்வேன். 1527-இல் பிறந்தவர், பெரிய கணித மேதை. யூக்ளிடின் நூல் ஆங்கிலத்தில் முதன்முதலாக 1570-இல் வந்தபோது முன்னுரை எழுதியவர். எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு நாள் பார்த்துக் கொடுத்தவர். லண்டன் அருகே மார்ட்லேக்கில் அவர் வீட்டு நூலகம் அந்நாளில் இங்கிலாந்திலேயே பெரிய நூலகங்களில் ஒன்று. அத்தனை புத்தகம் படித்தும் போதவில்லை. தேவதூதர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். ஸ்படிகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. 1582-இல் எட்வர்ட் கெல்லி வந்து சேர்ந்தார். கெல்லி பார்ப்பார், சொல்வார்; டீ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் எழுதுவார். வருஷக்கணக்கில் இப்படி. 1587-இல், போஹீமியாவில் இருந்தபோது, நாம் இருவரும் மனைவியரைப் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று தேவதூதர் கட்டளை என்றார் கெல்லி. டீ தவித்தார். பிறகு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷத்தில் இருவரும் பிரிந்தார்கள். டீ ஊர் திரும்பியபோது நூலகம் சூறையாடப்பட்டிருந்தது. கடைசிக் காலத்தில் மிச்சப் புத்தகங்களை விற்றுச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் கேட்டவர் பார்த்தவனை ஆட்டிவைத்தார். டீ வீட்டில் பார்த்தவர் கேட்டவரை ஆட்டிவைத்தார்.

டீயிடம் இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு கறுப்புக் கண்ணாடி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எரிமலைக் கண்ணாடியைத் தேய்த்துச் செய்த வட்டத் தகடு. 2021-இல் எக்ஸ்ரே கருவியால் ஆராய்ந்து, அந்தக் கல் மெக்சிகோவின் பச்சூக்கா மலைப் பக்கத்தில் எடுத்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்டெக் மக்கள் குறி பார்க்க வைத்திருந்த சாமான். அவர்கள் கல், அரபுக்காரர் மை, நம்மூர் வெற்றிலை எல்லாம் ஒரே ஜாதிதான். கறுத்து மினுக்குகிற பரப்பு, விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத்தான் திருப்பி அனுப்பும். பிம்பம் மங்கலாக விழும். மங்கலாக இருப்பதை மனசு சும்மா விடாது, ஏதாவது போட்டு நிரப்பும். (ஸ்படிகம் என்று சொல்லிக் கடைக்குக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு. நூல் ஒன்றின் மேல் வைத்து உருட்டிப் பார்ப்பேன். அசல் ஸ்படிகத்தில் நூல் இரட்டையாகத் தெரியும். பெரும்பாலும் ஒற்றை நூல்தான். வந்தவர் முகத்தைப் பார்த்து, சில சமயம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.)

அப்படியானால் நான் பார்த்த அந்த வால்? அதற்கும் பதில் கிடைத்தது. கபூட்டோ என்ற இத்தாலிய ஆராய்ச்சியாளர் 2010-இல் ஐம்பது பேரை மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிஷம் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்க்கவைத்தார். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு முகம் பெரிதும் உருமாறித் தெரிந்ததாம். முன்பின் தெரியாத முகம் கண்டவர்கள் உண்டு. பெற்றவர்கள் முகம் கண்டவர்களும் உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய குட்ரிச் ஃப்ரீர் என்ற பெண்மணியின் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். தான் ஸ்படிகத்தில் கண்டதையெல்லாம் எழுதிவைத்து 1889-இல் வெளியிட்டவர். ஒருநாள், தனக்குத் தெரிந்தவர் ஒருவரின் மரண அறிவிப்பு கல்லில் பத்திரிகை அச்சாகவே தெரிந்தது. வேறொருவராக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். இவர் பழைய தாள்களைத் தேடினார். முதல் நாள் கணப்பு அனலுக்கு மறைப்பாக முகத்தெதிரே பிடித்திருந்த 'டைம்ஸ்' தாளிலேயே அந்த அறிவிப்பு இருந்தது. படித்த ஞாபகமே இல்லை. கண் மட்டும் படித்திருக்கிறது. தெரிந்ததை நம்பாமல் போய்த் தாளைப் புரட்டினாரே, அந்தப் புத்தி எங்கள் வீட்டில் ஒருவருக்கு இருந்திருந்தால் அன்றைக்கே பத்தாயத்தைக் கவிழ்த்துப் பார்த்திருப்பார்கள்.

மை போட்ட கதைகளை அப்புறம் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் வீட்டுக்காரர் முகம் தெரிந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. வாசல் தாண்டி உள்ளே வராத ஆளின் முகம்தான் எப்போதும் தெரிகிறது.

இருபது வயதுக்கு மேல் ஒருமுறை அந்த மாடு பார்க்கிறவரைத் தேடிப் போனேன். கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் இல்லை, அந்த வீட்டு அம்மாதான் இருந்தார். யாரென்று சொன்னேன். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். சங்கிலி கிடைத்த விவரத்தைச் சொன்னேன். "கேள்விப்பட்டோம்" என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. மோர்ச் செம்பைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

1986-இல் பெரிய மாமா கண்புரை ஆபரேஷன் முடிந்து கண்ணாடிக்காக என்னிடம் வந்தார். உள்ளே லென்ஸ் வைக்காத ஆபரேஷன். ப்ளஸ் பத்து, சோடாப் புட்டி அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. கடையில் வேறு யாரும் இல்லை. ஃப்ரேமை மாட்டி, வலது கண்ணை மறைத்தேன். பலகையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"ஏன்டா, அன்னிக்கு வெத்தலையில உனக்கு நெசமாவே தெரிஞ்சுதா?"

"முண்டாசு தெரியலை மாமா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தெரு வழியே ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"அப்ப ஏன்டா இருக்குன்னு சொன்னே?"

அடுத்த கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினேன். மூன்றாவது வரிசையைப் படிக்கச் சொன்னேன்.