டிக்கெட் எடுக்காத செஞ்சி டூர்

1/ மூணு நாள் லீவு. செஞ்சியில ரூம் போட்டோம், ஆனா கோட்டைக்கு டிக்கெட் எடுக்கல. காரணம் அப்பா. ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம். ராஜகிரி சுமார் 800 அடி, செங்குத்தான படிகள். அவரைக் கீழே உட்கார வச்சிட்டு நாங்க மட்டும் ஏற மனசு வரல.

2/ காலையில ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, மூணு மலையையும் இணைக்கிற மதிலைப் பார்த்தபடி டீ குடிச்சோம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. தூரத்துல நின்னு பார்க்கக் காசு இல்ல.

3/ அப்புறம் தெற்கே பனமலை. ஏரியை ஒட்டி சின்னக் குன்று, மேலே தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் கட்டினது.

4/ அப்பா ஏறணும்னார். மெதுவா படி ஏறலாம்னு அவரோட கார்டியாலஜிஸ்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தார். (நீங்களும் முதல்ல உங்க டாக்டரைக் கேளுங்க.) நான் போட்ட கண்டிஷன்: பேசிக்கிட்டே ஏறணும். பேச்சு திணறினா உட்காரணும். நெஞ்சு இறுக்கினா அதோட நிறுத்திடணும். நாலு இடத்துல உட்கார்ந்தோம். ஒவ்வொரு தடவையும் ஏரி இன்னும் பெருசா தெரிஞ்சது.

5/ மேலே ஒரு சிறு சன்னதிச் சுவரில் பல்லவர் கால ஓவியம். சிவனின் ஆட்டம் பெரும்பாலும் அழிஞ்சுபோச்சு. குடைக்குக் கீழே ஒரு காலை மடக்கி நின்னு அதைப் பார்க்கிற பார்வதி மட்டும் மிச்சம். அப்பா ரொம்ப நேரம் அங்கேயே நின்னார்.

6/ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுல இருந்து "இனிமே என்னால என்ன ஆகும்"னே சொல்லிட்டிருந்தவர், இறங்கும்போது கேட்டார்: "அடுத்த வருஷம் ராஜகிரி ஏறிப் பார்க்கலாமாடா?"

"பேசிக்கிட்டே ஏறுவீங்கன்னா டிக்கெட் எடுக்கறேன்ப்பா"ன்னேன்.