மொட்டைத் தலையில் முடி முளைத்த பிறகு

1/
குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் எந்தக் கட்டம் ரொம்ப ஆபத்துன்னு கேட்டா, எல்லாரும் முதல் மாசத்தைத்தான் சொல்வாங்க. நான் பயப்படுவது வேறொரு கட்டத்துக்கு. குழந்தை தேறி, முடி முளைத்து, பழையபடி ஓடியாடுமே, அந்தக் காலம். தொப்பூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2/
பையனுக்கு ஆறு வயசு. அப்பா லாரி டிரைவர், மாசத்தில் பாதி நாள் வடக்கேதான். விடாத காய்ச்சல், வெளுத்த முகம், கால் வலி, அடிபடாமலே உடம்பில் கன்றிய தடங்கள். பரிசோதனையில் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். வசதியான நாடுகளில் 100 குழந்தைகளில் 90 பேர் வரை பிழைக்கிறார்கள். ஆனால் சிகிச்சை 2 முதல் 3 வருஷம்.

3/
சென்னையில் சிகிச்சை தொடங்கியது. முடி கொட்டியது. "எந்தக் கோயில்ல மொட்டை?" என்று தெருவில் கேட்டால், "பழனி" என்பான். நம்ம ஊரில் மொட்டைத்தலைப் பிள்ளையை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, அந்த மட்டும் நல்லது. ஆனா முடி முளைச்சதும், நோயும் போயிடுச்சுன்னு சொந்தபந்தமே முடிவு பண்ணிட்டாங்க.

4/
ரத்தப் பரிசோதனைக்கு என்னிடம் கூட்டி வந்த ஆயா கேட்டாங்க: "புள்ள நல்லாத்தான இருக்கான் சார்? இன்னும் எதுக்கு அந்த வெசத்தக் குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. பதில் இதுதான்.

5/
நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்று செல்கள் இருக்கலாம். முதல் மாசச் சிகிச்சையில் பெரும்பகுதி அழிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் எதுவும் தெரியாது. அப்பவும் கோடிக்கணக்கில் ஒளிந்திருக்கலாம்.

6/
இதற்கு வரலாறே சாட்சி. பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் அமினோப்டெரின் மருந்தைக் கொடுத்தபோது 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள். 1948-ல் அது கட்டுரையாக வந்தது. ஆனால் அந்த முன்னேற்றம் நீடிக்கவில்லை, நோய் திரும்பியது. அந்த மருந்தைத் தந்த ஆய்வகத்தின் தலைவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லபிரகத சுப்பாராவ்.

பல மருந்துகளைச் சேர்த்து, நீண்ட காலம் கொடுக்கணும் என்பது அதற்குப் பிறகு படிப்படியாகக் கற்ற பாடம்.

7/
அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். பராமரிப்புக் கட்டத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். கூடவே தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை. வீட்டிலேயே கொடுப்பது. 100 நாளில் 5 நாளுக்கு மேல் மாத்திரை தவறிய குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது.

8/
இதைக் கேட்ட ஆயா ஒரு சட்டம் போட்டாங்க. வீட்டு தினசரி காலண்டரில், பேரன் மாத்திரையை முழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்கணும். காலையில் பழைய தேதி தொங்கினால் ராத்திரி மாத்திரை தவறியிருக்குன்னு அர்த்தம். அப்பா நாக்பூரில் இருந்தாலும் ஒன்பது மணிக்குப் போன் வரும்: "தாள் கிழிச்சாச்சா?"

9/
இன்னும் இரண்டு விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால், நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் கொடுத்துட்டு விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லணும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு அம்மை உயிருக்கே ஆபத்து. வேப்பிலை கட்டுங்க, ஆனா ஆஸ்பத்திரிக்கும் வாங்க.

10/
பணம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி கட்டணம் கிடையாது. துணைக்கு வரும் ஒருவருக்கு 75% சலுகை. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கேட்டு வாங்குங்க. ஆனால் அம்மாவின் போன கூலியை எந்தத் திட்டமும் தராது.

11/
பையனுக்கு பத்து வயசில் ஓர் அக்கா. அம்மா பை எடுத்து வைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி வரும். வயிற்றில் ஒன்றுமில்லை. லீவில் ஒருமுறை அவளையும் சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். தம்பியின் கட்டிலையும் நர்ஸையும் பார்த்துட்டு வந்தாள். வலி குறைந்துவிட்டது. இப்ப காலண்டர் தாள் கிழிப்பது அவள் வேலை.

12/
இப்போது பதினேழாவது மாசம். "குணமாயிடுச்சு"ன்னு நான் இன்னும் சொல்லவில்லை.

உங்க தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், "பையன் நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மருந்து?"னு கேக்காதீங்க. "அடுத்த தடவை எப்ப சென்னை போறீங்க? பொண்ணை நாங்க பாத்துக்கவா?"னு கேளுங்க.