காஞ்சியில் ஒரு பிரகசனம்

காஞ்சிபுரத்திலே பிறந்து, பிள்ளையார்பாளையத்துத் தறியோசை கேட்டே வளர்ந்தவர் யாம். எனினும், எம் ஊர்த் தெருக்களிலேயே நிகழ்வதாக ஒரு நகைச்சுவை நாடகம் ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன்னரே எழுதப்பட்டுளது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். வெட்கந்தான், ஒளிப்பானேன்? பல்லவ வேந்தனாகிய முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்பதே அது. 1917இல் கணபதி சாஸ்திரியார் அதனைத் திருவனந்தபுரத்தில் அச்சேற்றினார்.

கதை சிறிது. சத்தியசோமன் என்னும் காபாலிகன் கள்வெறியில் தன் கபாலத்தை, அஃதாவது பிச்சையேற்கும் மண்டையோட்டை, எங்கோ தவறவிடுகிறான். ஆடைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வழியே போன நாகசேனன் என்னும் பௌத்தத் துறவியே கள்வன் என்று அவன் மடியைப் பிடிக்கிறான். நடுவு சொல்ல வந்த பாசுபதனாலும் வழக்குத் தீரவில்லை. உண்மையிலே அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய், அதிலிருந்த இறைச்சிக்காக. நாயிடமிருந்து பறித்தவன் ஒரு பித்தன். அவன் வந்த பின்னரே கபாலம் உரியவனை அடைகிறது.

நிற்க. எமது பழைய உயர்நிலைப் பள்ளியின் நாடகக் குழுவினர், ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் பயிற்றுவிக்குமாறு எம்மைக் கேட்டனர். இதனையே எளிய தமிழில் எழுதிக்கொண்டு போனோம். தலைமையாசிரியர் படித்தார், சிரித்தார், மேடையில் மதுவின் பெயர் வரலாகாது என்றார். ஆகவே எம் காபாலிகன் பானகம் குடித்து வெறியேறினான். (பானகத்தால் வெறிகொண்டார் உலகில் பிறரிலர்.) பிற சமயத்தாரை நகைக்கும் நாடகத்தைக் கிறிஸ்தவராகிய யாம் பயிற்றுவித்தல் தகுமோ என்ற நடுக்கமும் எமக்கு இருந்தது. அதற்கு விடை ஆசிரியனிடமே கிடைத்தது. 'மத்தவிலாசன்' என்பது அவ்வேந்தனே பூண்ட விருதுப்பெயர். களிமகன் கூத்துக்குத் தன் பெயரையே இட்டவன், முதலில் தன்னைப் பார்த்தன்றோ நகைத்திருக்கிறான்!

சத்தியசோமனாக நடிக்க மாணவன் ஒருவனைத் தெரிந்தெடுத்தோம். அவன் தந்தையார் கோர்வைச் சேலை நெய்பவர். அச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் நெய்ய, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை உரிய கணத்தில் எறிதல் வேண்டும். விடுமுறை நாட்களில் இவன் அதற்கு அமர்வதுண்டு. நகைச்சுவைக்கு வேண்டுவதும் அதுவே. மறுமொழி ஒரு நொடி முந்தினும் கெட்டது, பிந்தினும் கெட்டது. பிறருக்குப் பத்து நாள் சொல்லியும் வாராதது இவனுக்கு ஒரே நாளில் வந்தது.

அவன் தள்ளாடிய தள்ளாட்டந்தான் என்னே! ஒரு காலை முன்வைத்து, தரையை ஐயுற்று, மீளப் பின்வைப்பான். இல்லாத தூணைப் பற்றுவான். பற்றிய தூணிடமே மன்னிப்பும் கேட்பான். குழுவினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். யாமும் சிரித்தோம்.

"தம்பி, இதனை எங்கே கற்றாய்?" என்றோம்.

"வீட்டிலேதான், அண்ணா," என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஒத்திகையன்று அவனைத் தனியே அழைத்து, வேறு வேடம் வேண்டுமா என்று வினவினோம். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "எல்லாரும் சிரிக்கட்டும், அண்ணா. ஆனால் விழாவுக்கு அம்மா வருவார்கள்," என்றான்.

பித்தன் வேடத்தை அவனுக்குத் தந்தோம். (அவன் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.)

விழா நாளில் புதிய காபாலிகன் அடியளந்து தள்ளாடினான், சிரிப்பு பாதியாயிற்று. கைக்கெட்டிய நல்ல நடிகனை மாற்றிவிட்டோம் என்று சிலர் குறை கூறினர். கூறட்டும். கடைசியில் பித்தன் நாயைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தான். கபாலமாக யாம் கொடுத்திருந்த கொட்டாங்குச்சியைத் தலைமேல் கவிழ்த்து, முடிசூடிய வேந்தனைப்போல மேடையை ஒருமுறை வலம் வந்தான். இஃது யாம் கற்பித்ததன்று. அரங்கம் அதிர்ந்தது. பெண்கள் வரிசையின் கோடியில் அவன் அன்னையார் முன்றானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

திரைக்குப் பின்னே வந்ததும், "அம்மா சிரித்தார்களா, அண்ணா?" என்று கேட்டான்.

"சிரித்தார்கள்," என்றோம்.

கொட்டாங்குச்சியைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்றான். கொடுத்தோம்.