‘எல்லாத்தையுமா அக்கா?’ - ஏஐ கேட்காமல் விட்ட கேள்வி!

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், 214 குடும்பப் படங்கள் எங்கள் சர்வரிலிருந்து காணாமல்போயின. டெலீட் செய்தது நான் இல்லை. ஆனால், அந்த டெலீட்டுக்குக் குறிப்பு எழுதியது நான்தான்.

‘உங்கள் வீட்டுப் பழைய கல்யாணப் படங்களை அனுப்புங்கள்’ என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்து குவிந்தன. ஒரே படத்தைச் சிலர் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு முறை வந்தவற்றைக் களைய, எங்கள் டெக் டீம் ஓர் ஏஐ ஏஜென்ட்டை வைத்தது.

சாட்பாட் நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும். ஏஜென்ட் வேலையையும் தானே செய்து முடிக்கும். அது நம் சர்வருக்குள் வந்து வேலை செய்ய ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத்தான் ஏபிஐ என்கிறார்கள். ‘படத்தைத் தேடு’, ‘பெயரை மாற்று’, ‘டெலீட் செய்’ என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளை. அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. ஏஜென்ட் அதைப் படித்துத்தான் எதைப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும்.

“நீதான் நல்லா எழுதுவியே, ரெண்டு ரெண்டு வரி எழுதிக் கொடு” என்றார் டெக் டீம் அண்ணன். டெலீட்டுக்கு நான் எழுதியது இதுதான்: ‘படங்களை நீக்கும். போல்டர் பெயரையும் பட எண்களையும் கொடுக்கவும்.’

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், எண்களைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதவில்லை. அண்ணனிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால், “மொத்த போல்டரும் போயிடும்” என்று சொல்லியிருப்பார். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று கேட்கச் சொல்லித்தான் டிப்ளமோவில் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வரிதானே என்று ஒன்றைக்கூடக் கேட்காமல் விட்டேன்.

அன்று ஏஜென்ட், எண்கள் இல்லாமல் போல்டர் பெயரை மட்டும் அனுப்பியது. ‘வேலை முடிந்தது. 214 படங்கள் நீக்கப்பட்டன’ என்று மரியாதையாகப் பதிலும் வந்தது. நாங்கள் கையால் டெலீட் செய்தால், படம் 30 நாள்கள் ட்ராஷில் இருக்கும். ஏபிஐ வழியாகப் போனால் ட்ராஷ் கிடையாது. தற்காலிக போல்டர் என்பதால் பேக்கப்பும் இல்லை. இந்த இரண்டையும்கூட நான் எழுதியிருக்கவில்லை.

எங்கள் டெஸ்க்கில் இன்டர்ன்ஷிப் செய்யும் தங்கையிடம் இதே வேலையைக் கொடுத்திருந்தால், மவுஸை விட்டுவிட்டுத் திரும்பி, “எல்லாத்தையுமா அக்கா?” என்று கேட்டிருப்பாள். அவற்றை அனுப்பியவர்களுடன் போனில் பேசியவள் அவள். ஏஜென்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் என்னுடைய இரண்டு வரிகள்தான்.

அடுத்த நான்கு நாள்கள் போனும் கையுமாக இருந்தோம். மெயிலில் வந்தவை கிடைத்துவிட்டன. மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்ப அனுப்பச் சொன்னோம். பெரும்பாலும் யாரும் கோபப்படவில்லை. முடிச்சூரிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 2015 வெள்ளத்தில் அவர் வீட்டு ஆல்பம் நனைந்து போயிருக்கிறது. அதற்கு முன்பு மொபைலில் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைத்தான் எங்களுக்கு அனுப்பியிருந்தார். போன வாரம்தான் போன் மாற்றினாராம். பழைய போனில் இருந்தது எதுவும் புதியதில் வரவில்லை.

எங்களிடம் மிஞ்சியது, பக்கத்தில் ஏற்றுவதற்காகச் சுருக்கி வைத்திருந்த தீப்பெட்டி அளவுப் படம். பெரிதாக்கினால் அவர் மனைவியின் முகம் கலங்கிவிடுகிறது. அதை அனுப்பினேன். “சரிம்மா” என்றார். அதற்கு மேல் நானும் எதுவும் பேச முடியவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். ‘எதையும் மாற்றாதே’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியும், 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் இருந்த டேட்டாபேஸை அது அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. நல்லவேளையாக, மீட்க முடிந்தது. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கான டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்.

என் குறிப்பில் எச்சரிக்கையே இல்லை. அங்கே எச்சரிக்கை இருந்தும் பலனில்லை. ‘நாய் ஜாக்கிரதை’ போர்டு வேண்டும்தான். அதற்காக கேட்டைப் பூட்டாமல் விட முடியுமா?

ஏஜென்ட்டுகள் மற்ற மென்பொருள்களோடு பேசுவதற்காக, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. அதில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து, ஒரு கருவி தகவலை அழிக்கக்கூடியதா என்று குறித்து வைக்க இடம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு விஷயம். தகவலை மாற்றக்கூடிய ஒரு கருவியில் எதுவும் குறிக்காமல் விட்டால், அது அழிக்கக்கூடியது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால், அதுவும் வெறும் குறிப்புதான், பூட்டு இல்லை என்பதையும் அந்த விதிமுறையே சொல்லிவிடுகிறது.

அண்ணனும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். என் இரண்டு வரி இப்போது பன்னிரண்டு வரி. எது அழியும், அதோடு சேர்ந்து வேறு எது அழியும், திரும்ப எடுக்க முடியுமா, எத்தனை நாளுக்குள், எண்கள் இல்லாமல் வந்தால் என்ன ஆகும், எந்தச் சமயத்தில் இந்தக் கட்டளையைத் தொடவே கூடாது... எல்லாம் அதில் இருக்கிறது. அண்ணன் பூட்டுகளைப் போட்டார். எண்கள் இல்லாமல் வந்தால் சர்வர் மறுத்துவிடும். எந்தப் படமும் முதலில் ட்ராஷுக்குத்தான் போகும். ஏஜென்ட் பட்டியல் கொடுத்து, எங்களில் ஒருவர் ‘சரி’ என்று அழுத்தினால்தான் அதுவும் நடக்கும்.

போன வாரம் முதல் பட்டியல் வந்தது. ‘கீழே உள்ள மூன்று ஜோடிகளும் ஒரே படம். ஒவ்வொன்றிலும் ஒன்றை நீக்கலாமா?’ என்று கேட்டிருந்தது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் ஒரே மணவறை, ஒரே மாலை, ஒரே பட்டுப்புடவை. உற்றுப் பார்த்தேன். ஒரு பெண்ணின் மோவாயில் மச்சம் இருந்தது, இன்னொருத்திக்கு இல்லை.

அனுப்பியவருக்குப் போன் செய்தேன். “ஆமாங்க, ஒரே மேடையில ரெட்டைப் புள்ளைங்களுக்குக் கல்யாணம். அம்மாவும் சித்தியும்” என்றார்.

‘வேண்டாம்’ என்று அழுத்தினேன்.